ஏரிக்கு வேலி போடுமுன் யாரைக் கேட்டீர்கள்?

நம்ம ஊர் ஏரியைப் பராமரிக்கிற சங்கத்தின் நிர்வாகிகள், அங்கே தன்னார்வலர்களாக வேலை செய்யும் எங்களைக் கேட்காமலே ஏரிக்கு வேலி போடப் போகிற விஷயம் இந்நேரம் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். கரை முழுக்கக் கம்பிவேலி, சிமென்ட் நடைபாதை, பூட்டு போட்ட கேட். ஒரு நிறுவனம் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணம், ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டோ வந்தது. அதைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரியும். "எந்தக் கூட்டத்தில் முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டேன். பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் அட்மின்கள் மட்டுமே பதிவிடலாம் என்று குழுவை மாற்றிவிட்டார்கள்.

வேலி நல்லதா கெட்டதா என்பது அப்புறம். கேட்டீர்களா?

ஆகாயத்தாமரை அள்ளவும் சீமைக்கருவேலம் வேர் பறிக்கவும் ஆள் தேவைப்பட்டால் ராத்திரி பதினோரு மணிக்கும் போன் வரும். முடிவெடுக்கும்போது மட்டும் "தன்னார்வலர்கள் சங்க உறுப்பினர்கள் இல்லையே" என்று சட்டம் பேசுகிறார்கள். சரி, சட்டமே பேசுவோம். பதிவு செய்த சங்கம் ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கு வைக்க வேண்டும் என்கிறதே சட்டம். கடைசிப் பொதுக்குழு எப்போது நடந்தது?

எங்களை விடுங்கள். ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலங்கல் பக்கம் மாடு மேய்க்கிற அம்மா போன வாரம் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, கேட்டு போட்டா மாட்ட எந்தப் பக்கமா தண்ணிக்கு எறக்குறது?" அவரிடம் என்ன சொல்வது? கரையோரம் ஆழமில்லாத தண்ணீரில்தான் நாரையும் உள்ளானும் இரை தேடும். அந்தச் சரிவில் சிமென்ட் கொட்டாதீர்கள் என்று எங்களில் பத்துப் பேராவது சொல்லியிருப்போம். கேட்டிருந்தால்.

எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்காதாம். 2015 வெள்ளத்தில் படகு வந்தபோது யாரும் கூட்டம் போடச் சொல்லவில்லையே! அது அவசரம். வேலிக்கு என்ன அவசரம்? மார்ச் 31க்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்கிறார்கள். ஓராண்டைத் தாண்டி நீளும் தொடர் திட்டம் என்றால் மீதிப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவழிக்க நிறுவனச் சட்டமே இடம் தருகிறது. நவம்பர் 1 கிராம சபையில் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உத்திரமேரூர் நம்ம மாவட்டம்தான். பராந்தக சோழன் காலத்திலேயே அங்கே ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்குக் குடவோலை போட்டு ஆள் எடுத்தார்கள். நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமேயான முறை அது. அதில் எனக்குப் பெருமை இல்லை. ஆனால் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் மறுபடி வர முடியாது என்று கல்லில் வெட்டி வைத்தார்களே, அந்தக் கண்டிப்பு நமக்கு வேண்டாமா?

"உழைக்கிறவர்களைக் குறை சொல்லாதே" என்று நேற்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அதுதான் ரொம்ப வலித்தது. நாங்கள் மட்டும் என்ன வேடிக்கை பார்க்கவா வந்தோம்? என் அப்பா இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையே மதகடியில் மண் அள்ளிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என் தோளில் கைபோட்டு நின்றவரும் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒரு போன் பண்ணிச் சொல்லக்கூடாதா?

சிலர் இதைப் பதவி ஆசை என்பார்கள். எனக்கு எந்தப் பொறுப்பும் வேண்டாம். ஒப்பந்த நகலையும் தீர்மானப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தையும் குழுவில் போடுங்கள். ஊரைக் கூட்டிப் பேசும்வரை ஒரு கம்பம்கூட நடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வேலைக்கு வருவேன். அங்கேயும் இதையே கேட்பேன்.