"நடக்கிறாங்களா?"

உதவித்தொகைக்கு மனு கொடுக்கலாம் என்று என் மாமியாரை ஒரு அரசு அலுவலகத்துக்கு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மூன்று கேள்விகள் கேட்டார்.

"நடக்கிறாங்களா?"

"நடக்கிறாங்க சார்."

"தானா சாப்பிடுறாங்களா?"

"முன்னால தட்டை வச்சு, சாப்பிடுங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா சாப்பிடுவாங்க."

"கை, கால் எல்லாம் நல்லா இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்னம்மா? வெளியில பாருங்க, நடக்க முடியாம எத்தனை பேரு உட்கார்ந்திருக்காங்க."

அவர் கடுமையாகப் பேசவில்லை. அவரிடம் இருந்த படிவம் அவ்வளவுதான் கேட்டது. நானும் சரி என்று எழுந்து வந்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை ஒரு மாதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சார், அவங்க நடக்கிறதுதான் பிரச்சினையே.

அத்தைக்கு 74 வயது. டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்று மருத்துவர் சொல்லி ஐந்து வருஷம் ஆகிறது. போன ஆடி மாதம் ஒரு ராத்திரி 2 மணிக்கு எழுந்து, முன்கதவைத் திறந்துகொண்டு மெயின் ரோட்டில் ஒன்றரை கிலோமீட்டர் நடந்து போய்விட்டார். பால் வண்டிக்காரர் ஒருவர் அடையாளம் தெரிந்து கூட்டி வந்தார். "கடை அடைச்சிருவான், பீடியை ஒப்படைக்கணும்" என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். கையில் ஒன்றும் இல்லை. அன்றைக்குப் பிறகு கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் வைத்தோம். நான் வாசல் பக்கம் தலைவைத்துப் படுக்கிறேன்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் பீடி சுற்றாத வீடு குறைவு. அத்தை 40 வருஷம் சுற்றினார். ஒரு நாளைக்கு 1,000 பீடி. மடியில் சொளகு, கையில் கத்தரி. மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்த விரல்கள் அவை. இப்போதும் அந்த விரல்கள் சும்மா இருக்காது. சேலை முந்தானையைச் சுருட்டும், என் மகளின் நோட்டுத் தாளைக் கிழித்துச் சுருட்டும். பழைய செய்தித்தாளை இலை அளவுக்கு வெட்டிக் கொடுத்தால் அரை மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருப்பார். இதை எந்த மருத்துவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, தட்டுத்தடுமாறி நானே கண்டுபிடித்தது. அந்த 40 வருஷ உழைப்புக்கு வருகிற ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்தபட்சத் தொகை இது என்று 2014-ல் வைத்தது.

முன்பெல்லாம் என்னை "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில் அது எனக்குக் கோபமாக வரும். இப்போது "நீங்க எந்த ஊரும்மா? சாப்பிட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்கிறார். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். 14,000 ரூபாய் சம்பளம். ஏஜென்சியில் பகலுக்கு மட்டும் ஆள் கேட்டோம், 18,000 என்றார்கள். கணக்கு டீச்சருக்கு அந்தக் கணக்கு புரியாதா? வேலையை விட்டுவிட்டேன். வந்திருந்தாலும் அந்தப் பெண் டிமென்ஷியாவுக்குப் பயிற்சி எடுத்தவளாக இருந்திருப்பாள் என்று உறுதியில்லை. மாத்திரை கொடுப்பது, பேம்பர்ஸ் மாற்றுவது எல்லாம் யாரும் கற்றுக்கொள்ளலாம். "என் நகையை எடுத்துட்டே" என்று அத்தை கத்தும்போது பதிலுக்குக் கத்தாமல் இருக்கத்தான் பயிற்சி வேண்டும். எனக்கே அதற்கு இரண்டு வருஷம் ஆனது.

சரி, அரசு ஒன்றுமே செய்யவில்லையா? அப்படிச் சொன்னால் அது பொய். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு என்று 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத்தில் சேர்த்தார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்தப் பணம் ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்த்தால்தான் வரும். அத்தை கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் உண்டு. விழாமல் ராத்திரி பகலாகப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு அதில் ஒரு பைசா கிடையாது. என் ஆதங்கமெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான்.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. பார்க்கின்சன் பெயர் இருக்கிறது, டிமென்ஷியா பெயர் இல்லை. ஆனால் அதே சட்டம் மனநோய்க்குச் சொல்லும் விளக்கத்தில் 'நினைவாற்றல்' பாதிப்பும் வருகிறது. அந்த வழியாக உள்ளே நுழையலாம். இது எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்? தெரிந்தாலும், தன் பெயரையே சொல்லத் தெரியாதவரைச் சான்றிதழுக்காக எத்தனை வரிசையில் நிற்கவைக்க முடியும்? அதிக ஆதரவு தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படி தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 24-வது பிரிவே சொல்கிறது. தமிழ்நாட்டில் கடும் பாதிப்புள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகையும் இருக்கிறது. கதவு இருக்கிறது, எங்களுக்கு அது திறக்கவில்லை.

டிமென்ஷியா என்று பெயர் சொல்லியே எழுதியிருப்பதை நான் பார்த்த இடம் எது தெரியுமா? வருமான வரி விதிகளில். மருத்துவச் செலவுக்கு வரிக்கழிவு. வரி கட்டுகிற அளவுக்குச் சம்பாதிப்பவர்களுக்கு அது உதவும். லேத் பட்டறையில் வேலை பார்க்கிற என் கணவருக்கு அதனால் என்ன பயன்?

பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகளிடம் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் வாங்கித்தர 2007-லேயே சட்டம் வந்துவிட்டது. அது வேண்டும்தான். கவனிக்காதவர்களைக் கேட்கத் தெரிந்த அரசு, கவனிக்கிறவர்களைப் பார்த்து "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று ஒரு தடவை கேட்கலாமே.

2023-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் கூடிய மாநிலம் நம்முடையது. உலக அளவில் இந்தப் பராமரிப்பு நேரத்தில் 70 விழுக்காடு பெண்களுடையது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகள் எனக்குத் தெரியும். மூன்றிலும் பார்த்துக்கொள்வது மருமகளோ மகளோதான்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று ராத்திரி தூங்காத நேரங்களில் போனில் தேடிப் படித்திருக்கிறேன். ஜெர்மனியில் 1995-லிருந்து பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு இருக்கிறது. அங்கேயும் முதலில் எங்கள் அலுவலகக் கதைதான்! குளிப்பாட்ட எத்தனை நிமிடம், சாப்பாடு கொடுக்க எத்தனை நிமிடம் என்று உடம்பு வேலையைத்தான் எண்ணினார்கள். கை கால் நன்றாக இருக்கிற மறதி நோயாளிகள் அந்தக் கணக்கில் பின்தங்கிப் போனார்கள். 2017-ல் அளவுகோலையே மாற்றினார்கள். இடம், நேரம் தெரிகிறதா, ராத்திரி எழுந்து அலைகிறாரா, தனியாக விடலாமா என்பதெல்லாம் மதிப்பெண்ணில் சேர்ந்தது. வீட்டில் குடும்பத்தினர் பார்த்துக்கொண்டால் 2025 கணக்குப்படி பாதிப்பின் அளவைப் பொறுத்து மாதம் 347 யூரோவிலிருந்து 990 யூரோ வரை கொடுக்கிறார்கள். பார்த்துக்கொள்கிறவருக்கு, நிபந்தனைகளோடு, ஓய்வூதியச் சந்தாவும் கட்டுகிறார்கள். அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் விழித்தே கிடந்தேன். நான் விட்ட வேலையின் பி.எஃப். அன்றோடு நின்றது.

ஜப்பான் 2000-ல் பராமரிப்புக் காப்பீடு கொண்டுவந்தபோது குடும்பத்துக்குப் பணமாகத் தர வேண்டாம் என்று முடிவெடுத்தது. பணம் கொடுத்தால் மருமகள் வீட்டோடு கட்டிப்போடப்படுவாள், வேண்டியது சேவை என்று அங்கே பெண்கள் வாதாடினார்கள். வீட்டுக்கு ஆள் வரும், பகல்நேர மையத்துக்கு வேன் வந்து கூட்டிப்போகும். இந்த வாதம் என்னை யோசிக்க வைத்தது. மாதம் 2,000 ரூபாய் என் கணக்கில் விழுந்தால், "அதான் அரசாங்கமே காசு தருதே, நீயே பாரு" என்று சொல்ல எங்கள் சொந்தத்தில் ஆள் இருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் ஆஸ்வாசகிரணம் என்ற பெயரில் பராமரிப்பவர்களுக்கு மாதம் 600 ரூபாய் வைத்திருக்கிறார்கள். அந்த அங்கீகாரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 600 ரூபாயில் ஒரு மணி நேரத் தூக்கம் வாங்க முடியாது.

எனக்கு இரண்டும் வேண்டும். எது முதலில் என்று கேட்டால் ஆள்தான் முதலில். வாரத்தில் இரண்டு நாள், நாலு நாலு மணி நேரம், பயிற்சி பெற்ற ஒரு பெண் வீட்டுக்கு வரட்டும். இது நடக்காத கனவு இல்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' எங்கள் வாசல்வரை வருகிறது. அந்தத் திட்டத்தில் வேலை பார்க்கிற தங்கச்சி ஒருத்தி வந்து அத்தைக்கு பி.பி., சுகர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறாள். அவளைப் போன்றவர்களுக்கே டிமென்ஷியா பயிற்சியும் கூடுதல் சம்பளமும் கொடுங்கள். ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு பகல்நேர மையமாவது திறங்கள். அப்புறம், அந்தப் படிவத்தை மாற்றுங்கள்.

"மாமியாரைப் பார்க்க அரசாங்கம் காசு தரணுமா?" என்று என் சின்ன நாத்தனார் முகத்துக்கு நேராகவே கேட்டார். பாசத்துக்கு யாரும் விலை கேட்கவில்லை. நான் கேட்பது வேலைக்கு. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, வீட்டில் பெண்கள் செய்யும் கணக்கில் வராத உழைப்புக்கான அங்கீகாரம் என்றுதானே அரசு சொன்னது? உதவி என்று சொல்லாமல் உரிமை என்று பெயர் வைத்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஒரு நாளில் 20 மணி நேரம் விழிப்பாக இருக்கிற வேலையும் அந்த உழைப்புதான்.

ஜெர்மனிக்காரர்கள் நிமிடம் எண்ணியதைப் படித்த பிறகு மகளின் பழைய நோட்டு ஒன்றில் நானும் எழுத ஆரம்பித்தேன். ராத்திரி 1.40: எழுந்தார், கதவைத் தட்டினார். 2.15: படுத்தார். 3.30: புடவை நனைந்தது, மாற்றினேன். 5.00: எழுந்துவிட்டார். மாலை 5.30-லிருந்து 8 வரை: "வீட்டுக்குப் போகணும்" என்று அழுகை, தெருவில் இரண்டு முறை நடக்கக் கூட்டிப்போனேன். இப்படி ஏழு நாள் எழுதியாயிற்று. வருகிற திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு இந்த நோட்டையும் கலெக்டர் அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறேன். அன்றைக்குக் காலை நாலு மணி நேரம் அத்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டிருக்கிறேன். பேப்பர் வெட்டி வைத்துவிட்டுப் போ, பார்த்துக்கிறேன் என்றிருக்கிறார்.