பழைய விளையாட்டை இப்படியா திருப்பித் தருவது?

கடைகளில் காசு போட்டு ஆடிய பழைய ஆர்கேட் வீடியோ விளையாட்டுகளின் மறுவெளியீடு என்றாலே இப்போது வயிறு எரிகிறது. நேற்று மதிப்புரைக்காக ஒரு தொகுப்பைத் திறந்தேன். நெட்டுக்குத்தான திரைக்கென்று வரைந்த படத்தை இழுத்து, அகலத் திரை முழுக்கப் பரப்பியிருக்கிறார்கள். வட்டமெல்லாம் முட்டையாகிவிட்டது. அதையாவது அமைப்புகளில் போய்ச் சரிசெய்துவிடலாம். பொத்தானை அழுத்திய பிறகு நாயகன் யோசித்து யோசித்துத் தாவுகிறானே, அதற்கு எங்கே போவது?

இந்த விளையாட்டுகளின் உயிரே பொத்தானை அழுத்தும் அந்தக் கணத்தில்தான் இருக்கிறது. 1980இல் வந்த, பேய்களிடம் சிக்காமல் புதிர்ப்பாதையில் புள்ளிகளைத் தின்று ஓடும் பேக்-மேனை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு ஏறத்தாழ 60 முறை படம் மாறும். மூலைக்குச் சற்று முன்பே பிடியைத் திருப்பினால் பேக்-மேன் வளைவை அறுத்துக்கொண்டு போகும். துரத்தும் பேய்களால் அப்படித் திரும்ப முடியாது. அந்தச் சில பிக்சல்களில்தான் தப்பிப்பதே. நான்கைந்து படம் தாமதமானால் அந்த வித்தையே போயிற்று.

மதிப்புரை எழுதுகிறவர்களோ இதைச் சொல்லாமல், பழைய நினைவுகள் பொங்குகின்றன என்று எழுதி ஐந்துக்கு நான்கு போட்டுவிடுகிறார்கள். காசு கொடுப்பவர் நினைவையா வாங்குகிறார்? ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்து, கைக்கும் திரைக்கும் இடையே தாமதம் இருக்கிறதா என்று ஒரே ஒரு வரி எழுத என்ன கேடு?