டர்போ வண்டியில் ஏசியைக் கழற்றாதீர்கள்

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ வைத்துப் பவர் ஏற்றலாம் என்று முடிவானதும் பல கராஜ்களில் முதலில் வெளியே வருவது ஏசிதான். எடை குறையும், இன்ஜின் சுமை குறையும், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலருக்கு இடம் கிடைக்கும் என்பார்கள். முதல் இரண்டும் கணக்கில் நிற்காது. மூன்றாவது நிஜமான சிக்கல், ஆனால் தீர்க்கக்கூடியது.

ஏசி கேஸை அழுத்தும் கம்ப்ரசர் ஓடும்போது இன்ஜினிலிருந்து இழுப்பது சுமார் 3 முதல் 5 குதிரைத்திறன். கம்ப்ரசரைப் புல்லியோடு இணைக்கும் கிளட்ச் விட்டதும் புல்லி மட்டும் சும்மா சுற்றும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும் அந்தச் சில விநாடிகளுக்குக் கிளட்சை விடச் சொன்னால் போதும், இழப்பே தெரியாது. எடையும் எல்லாம் சேர்த்து 15–20 கிலோதான். 1987இல் வந்த ஃபெராரி எஃப்40 இரட்டை டர்போ கார். எடை குறைக்க அதில் தரைவிரிப்பு வைக்கவில்லை, கதவை உள்ளிருந்து திறக்கக்கூட ஒரு கயிறுதான். அதிலேயே ஏசி இருந்தது. சென்னை மே மாதத்து வெயிலில் ஓட்டுகிற நமக்கு வேண்டாமா? ஐப்பசி மழையில் உள்கண்ணாடி பனிபடர்ந்து ரோடு தெரியாமல் போகும்போது ஈரத்தை உறிஞ்சி எடுப்பதும் அதே ஏசிதான்.

இனி இண்டர்கூலர். முன்னால் இண்டர்கூலர், பின்னால் ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டன்சர், கடைசியில் ரேடியேட்டர். வெளியே 40 டிகிரி, பூஸ்ட் (டர்போ ஏற்றும் அழுத்தம்) 1 பார் என்றால் டர்போவிலிருந்து வரும் காற்று 130 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் பெரும்பகுதி கண்டன்சர் மேல்தான் வந்து விழும். ஆனால் ஓட்டத்தில் காற்று வேகம் அதைச் சமாளித்துவிடும். ஏசி தோற்பது சிக்னலில். வண்டி நிற்கும்போது ஃபேன் எளிதான வழியில்தான் காற்றை இழுக்கும். முன்னால் தடித்த இண்டர்கூலர் மறித்தால், பக்கத்து இடுக்குகள் வழியே பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும்.

இதைக் கண்டுபிடிக்க மீட்டர் வேண்டாம். ஃபேனை ஓடவிட்டு, ஒரு ஏ4 தாளைக் கண்டன்சர் முகத்தில் நாலு மூலையிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் ஒட்டி ஓரத்தில் நழுவினால் ஃபேனைச் சுற்றி காற்றை வழிநடத்தும் மூடியான ஷ்ரவுட் முழுதாக மூடவில்லை. அடுத்து, ஐட்லிங்கில் ஏசி போட்டு, கண்டன்சரில் தண்ணீர் தெளியுங்கள். வெண்டில் சட்டென்று குளிர் ஏறினால் குறை காற்றோட்டத்தில், கேஸில் இல்லை.

பலர் தவறு செய்வது இங்கேதான். ஓடும்போது குளிர்ச்சி, நின்றால் சூடு, கிளட்ச் டக் டக்கென்று விட்டு விட்டுப் பிடிக்கிறது என்றதும் கேஸ் குறைவு என்று இன்னும் கொஞ்சம் அடித்துவிடுகிறார்கள். ஏற்கெனவே சூடு வெளியேறாமல் ஹை சைட் பிரஷர் (கம்ப்ரசரிலிருந்து கண்டன்சருக்குப் போகும் பக்கத்து அழுத்தம்) 400 பிஎஸ்ஐயை நெருங்கி, பிரஷர் ஸ்விட்ச் துண்டித்துக்கொண்டிருக்கும். அதில் கேஸ் அடித்தால் எரிகிற நெருப்பில் எண்ணெய்தான்.

தீர்வு செலவில்லாத வேலை. பக்கத்து, மேல் இடுக்குகளை அலுமினியத் தகடும் ஃபோம் பட்டையும் வைத்து அடையுங்கள். ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னாலிருந்து இழுக்கட்டும், முழு ஷ்ரவுட் இருக்கட்டும். 250 குதிரைத்திறன் வண்டிக்கு 100 மி.மீ. தடிமன் இண்டர்கூலர் தேவையே இல்லை. கண்டன்சரில் பாதி திறந்திருக்கும்படி உயரம் குறைந்ததாகப் பாருங்கள். ஏசி போட்டதும் ஃபேனும் ஓட வேண்டும். தண்ணீர் 95 டிகிரி ஆகட்டும் என்று ஃபேன் காத்திருந்தால் ஏசி அதற்குள் செத்துவிடும்.

தனி ஈசியூ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) போடுபவர்கள் ஏசி ஒயரைத் துண்டித்து நேராக ஸ்விட்சில் கொடுக்காதீர்கள். ஏசி கேட்கும் சிக்னல் பிரஷர் ஸ்விட்ச் வழியாக ஈசியூவுக்குப் போகட்டும், கிளட்ச் ரிலேவை ஈசியூ இயக்கட்டும். த்ராட்டில் 80 சதவீதத்தைத் தாண்டினால், கூலன்ட் 105 டிகிரியைத் தாண்டினால் கிளட்ச் விட வேண்டும். 5,500 ஆர்பிஎம்முக்கு மேல் பிடிக்கவே கூடாது. கம்ப்ரசர் புல்லி இன்ஜினைவிட வேகமாகச் சுற்றுவதால் அந்த வேகத்தில் பிடித்தால் கிளட்ச் கருகும். ஐட்லிங்கில் முதலில் இன்ஜினுக்குப் போகும் காற்றை ஏற்றி, கால் விநாடி கழித்துக் கிளட்ச் பிடிக்கட்டும். இதைச் செய்யாததால்தான் ஏசி போட்டதும் வண்டி ஆஃப் ஆகிறது. கிளட்ச் இல்லாத வேரியபிள் கம்ப்ரசருக்கு இந்த ரிலே முறை பொருந்தாது. அதன் வால்வை இயக்கும் கம்பெனி கன்ட்ரோலை அப்படியே விட்டுவிடுங்கள்.

டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் சூடான புகைக்குழாய்) பக்கத்தில் ஓடும் ஏசி ஹோஸையும் பாருங்கள். கேஸ் கம்ப்ரசருக்குத் திரும்பி வரும் தடித்த, குளிர்ந்த சக்‌ஷன் ஹோஸ்தான் கம்ப்ரசரையும் குளிர்விக்கிறது. அது வெந்தால் கம்ப்ரசரும் வேகும். இரண்டு அங்குலமாவது தள்ளி, நடுவில் தொடாதபடி தகடு வையுங்கள். கம்ப்ரசரிலிருந்து சூடான கேஸ் வெளியேறும் மெல்லிய டிஸ்சார்ஜ் பைப்பைத் துணி சுற்றி மூட வேண்டாம், அது சூட்டை விட வேண்டிய பைப்.

ஏசி பைப்பைக் கழற்றினால் அதன் வாயை அந்த நிமிடமே மூடுங்கள், உள்ளே இருக்கும் பேக் (PAG) கம்ப்ரசர் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். திரும்பப் பூட்டும்போது தேவை: ஈரத்தை உறிஞ்சும் புது ரிசீவர் டிரையர், இணைப்புகளில் ஆயில் தடவிய புது ஓரிங் (ரப்பர் வளையம்), பம்ப் வைத்து உள்காற்றை உறிஞ்சி குறைந்தது 30 நிமிடம் வேக்கம், பம்பை நிறுத்திய பின் 15 நிமிடம் முள் நகராமல் இருக்கிறதா என்ற சோதனை. கேஸை எடைபோட்டு மட்டும் அடிக்க வேண்டும். பெரும்பாலும் பானட்டுக்குள் ஸ்டிக்கரில் கிராம் கணக்கு இருக்கும். கண்டன்சரின் அளவை மாற்றியிருந்தால் அந்த எண் அப்படியே பொருந்தாது, ஸ்டிக்கர் எடையில் தொடங்கி இரண்டு பக்கப் பிரஷரையும் பார்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.