நீதிபதி சிவப்பாக இருந்தார்

போன வாரம் ஒன்பதாம் வகுப்புக்குப் பத்து ஆங்கில வாக்கியங்கள் கொடுத்து, வீட்டில் தமிழில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். ஏழாவது வாக்கியம், 'தி ஜட்ஜ் வாஸ் ஃபேர் டு போத் தி பிரதர்ஸ்'. அண்ணன் தம்பி இருவரிடமும் நீதிபதி நடுநிலையாக நடந்துகொண்டார் என்று வர வேண்டும். 38 நோட்டுகள் திருத்தினேன். 11 நோட்டுகளில் 'நீதிபதி சிவப்பாக இருந்தார்' என்று இருந்தது. ஒரு மாணவி இன்னும் கொஞ்சம் யோசித்து, 'நீதிபதி அந்த இரண்டு சகோதரர்களையும் விடச் சிவப்பாக இருந்தார்' என்று எழுதியிருந்தாள்.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் கவனமில்லாமல் எழுதுகிறவள் இல்லை. தனக்குத் தெரிந்த பொருளை வைத்து வாக்கியத்தைச் சரிக்கட்டப் பார்த்திருக்கிறாள். ஃபேர் என்ற அந்தச் சொல்லை அவள் எங்கே பார்த்திருப்பாள்? வீட்டு மாடத்தில் கண்ணாடி பக்கத்தில் இருக்கும் கிரீம் டியூபில். கல்யாணத் தரகர் கொண்டுவரும் தாளில். 'பொண்ணு நல்ல ஃபேர்' என்று சொல்லும் பெரியம்மாவின் வாயில். பதினான்கு வயது வரை ஒரு சொல்லை ஒரே பொருளில் கேட்டு வளர்ந்த பிள்ளை வேறு எதை எழுதும்? அவளுக்குத் தப்பு போட்டுவிட்டேன். ஆனால் அந்தச் சிவப்பு மையை யார் கணக்கில் எழுதுவது என்று அன்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பாடப் புத்தகத்தைத் திறக்கவில்லை. "ரேஷன் கடையில அரிசி வாங்கப் போறவங்க யார் யாரு?" என்று கேட்டேன். முக்கால்வாசிப் பேர் கை தூக்கினார்கள். எங்கள் பக்கம் அது பிள்ளைகளின் வேலைதான். பையை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். "அந்தக் கடை போர்டுல என்ன எழுதியிருக்கு?" நியாயவிலைக் கடை என்று ஒரு பையன் சொன்னான். "அதுக்கு இங்கிலீஷ்ல என்ன?" பதில் இல்லை. கரும்பலகையில் எழுதினேன்: ஃபேர் பிரைஸ் ஷாப். கொஞ்ச நேரம் வகுப்பே அமைதியாக இருந்தது. பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "அப்போ ஃபேர்னா நியாயமா மிஸ்?" என்றாள். மாதம் தவறாமல் அந்தச் சொல்லின் வாசலில் போய் நிற்கிறார்கள். தமிழில் நல்ல பெயர் இருக்கிறது, பேச்சில் ரேஷன் கடை என்கிறோம், அதனால் ஆங்கிலப் பெயர் அவர்கள் காதில் விழவே இல்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. கிரீம் டியூபில் இருந்த பொருள் மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் வீட்டுக்குள் வந்துவிட்டதே, அதுதான் வருத்தம்.

அப்புறம் எதிர்ச்சொல் கேட்டேன். 'பிளாக்' என்றார்கள், 'டார்க்' என்றார்கள். "சரி, கபடியில தப்பா ஆடினா என்ன சொல்லுவீங்க?" 'பவுல்' என்று ஒரே சத்தம். ஆங்கிலத்தில் ஃபேரின் மிகப் பழைய எதிர்ச்சொல் அந்த ஃபவுல்தான். அசிங்கமானது, கெட்டது, விதி மீறியது எல்லாம் ஃபவுல். அழகானது, நல்லது, விதிப்படி நடப்பது ஃபேர். கபடி தெரிந்த பிள்ளைக்கு இந்தச் சொல்லை விளக்க அகராதியே வேண்டாம். போங்காட்டம் ஆடாதே, அழுகுணி ஆட்டம் ஆடாதே என்று தெருவில் கத்துகிறார்களே, அந்தப் போங்கு இல்லாத ஆட்டம்தான் ஃபேர் பிளே.

எங்கள் ஊரைச் சுற்றிக் கரும்புதான். ஒரு பையன் எழுந்து, "எங்கப்பா எஃப்ஆர்பி எஃப்ஆர்பின்னு சொல்வாரே, அதுல வர்ற எஃப்பும் இதுதானா மிஸ்?" என்று கேட்டான். அதேதான். ஒவ்வொரு பருவத்துக்கும் ஆலைகள் கரும்புக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச விலையை ஒன்றிய அரசு அறிவிக்கிறது. 2009 முதல் அதற்கு நியாயமான, ஆதாயமான விலை என்று பெயர். அந்த ஆங்கிலப் பெயரின் முதல் சொல் ஃபேர். அப்பா வாயில் தினமும் புழங்கும் எழுத்துக்குள் இருக்கும் சொல் அது என்று தெரிந்ததும் அந்தப் பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இன்னும் பின்னால் போனால், குத்தகை விவசாயிகளுக்காக 1956-இல் இங்கே வந்த சட்டத்தின் பெயரிலேயே ஃபேர் ரென்ட் இருக்கிறது. நிலக்காரர் எவ்வளவு கேட்கலாம், எவ்வளவுக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அந்த ஒரு பெயரடையில் அடங்கியிருந்தது.

சொல்லின் வரலாற்றையும் கொஞ்சம் சொன்னேன். பழைய ஆங்கிலத்தில் இதன் உருவம் ஃபேயர் மாதிரி இருந்தது. கண்ணுக்கு இனியது, அழகானது என்பதுதான் அடிப்படைப் பொருள். மழையில்லாத தெளிந்த வானத்தையும் அப்படிச் சொன்னார்கள். பழைய காற்றழுத்தமானிகளின் வட்டத்தில் மழை, மாற்றம் என்பவற்றுக்கு அடுத்து ஃபேர் என்று எழுதியிருக்கும். அழகு என்ற பொருளிலிருந்துதான் ஒரு கிளை வெளிர் நிறத்துக்குப் போனது, இன்னொரு கிளை நியாயத்துக்குப் போனது. அழகு என்றால் வெளிர் நிறம் என்று அந்த ஊர்க்காரர்கள் நினைத்தார்கள், அதனால் சொல்லும் அப்படி ஒட்டிக்கொண்டது. அது அவர்கள் ஊர் வெயிலுக்கும் அவர்கள் ரசனைக்கும் உரியது. ரஃப் நோட்டில் கிறுக்கியதை ஃபேர் நோட்டில் எழுதுகிறோமே, அதில் வருவது அடித்தல் திருத்தல் இல்லாத பொருள். மதிப்பெண் அட்டையில் ஃபேர் என்றால் சுமார், அதாவது குட் என்பதற்கு ஒரு படி கீழே. ஒருவர் சொல்வதை ஒப்புக்கொண்டு 'ஃபேர் இனஃப்' என்றால், 'சரி, நீங்க சொல்றது நியாயம்தான்'. தேர்தல் ஃபேராக நடக்க வேண்டும் என்றால் முறைகேடு இல்லாமல் நடக்க வேண்டும். புத்தகக் கண்காட்சியைக் குறிக்கும் ஃபேர் இந்தக் குடும்பமே இல்லை. அது திருவிழா நாளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, எழுத்து மட்டும் ஒன்றாகிவிட்டது.

நம்மிடமும் இப்படி ஒரு முடிச்சு உண்டு. செம்மை என்றால் சிவப்பு, செம்மை என்றால் நேர்மையும்தான். செங்கோல் என்று கேட்டதும் யாராவது ராஜாவின் தோல் நிறத்தை நினைக்கிறோமா? வளையாத கோல், நேரான ஆட்சி என்றுதான் மனதில் படுகிறது. அதற்கு எதிர்ச்சொல்லும் கருங்கோல் இல்லை, கொடுங்கோல், வளைந்த கோல். குறளில் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரம், செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம். இரண்டிலும் நிறப் பேச்சு கிடையாது. இரண்டு பொருளைச் சுமக்கும் சொல்லில் எதை முன்னால் வைப்பது என்பதை அந்தச் சொல்லைப் புழங்குகிறவர்கள் முடிவு செய்கிறார்கள். ஃபேரை இரவல் வாங்கிய நாம் தோலை முன்னால் வைத்துக்கொண்டோம்.

அதிலும் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். நிறத்தைப் பேசும்போது மட்டும் நம் வீடுகளில் சட்டென்று ஆங்கிலம் வந்துவிடும். ஃபேர், வீட்டிஷ், டஸ்கி. தமிழில் கருப்பு, சிவப்பு என்று சொன்னால் முகத்துக்கு நேரே அடித்த மாதிரி இருக்கும், ஆங்கிலத்தில் சொன்னால் நாகரிகமாகத் தெரியும். ஆனால் எதிரில் நிற்கும் பெண்ணுக்கு வலி இரண்டிலும் ஒன்றுதான். அந்த வீட்டிஷ் இன்னும் விசித்திரம். சோறு தின்று நெல் வயல் பார்த்து வளர்ந்த பெண்ணைக் கோதுமை நிறம் என்று எழுதுகிறோம். மாநிறம் என்று நமக்கே ஒரு சொல் இருக்கிறது.

மாநிறம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகுக்கு மாமை என்று ஒரு சொல். மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். புதிதாகத் துளிர்த்த மாவிலையைப் பார்த்தவர்களுக்கு அந்த மினுமினுப்பான பழுப்பு தெரியும். தலைவியை மாயோள், கரிய நிறத்தவள், என்று புகழ்ந்தே பாடியிருக்கிறார்கள். தலைவன் பிரிந்து போனால் அவள் உடலில் பசலை படரும், நிறம் வெளிறும். குறுந்தொகையில் வெள்ளிவீதியார் பாட்டில், தன் மாமை அழகைப் பசலை தின்னப் பார்க்கிறதே என்று ஒரு பெண் கலங்குகிறாள். வெளிறிப்போவது அங்கே நோய். நிறம் மங்கிவிட்டதே என்று அவள் அழுவது கருமை போய்விட்டதே என்றுதான். இதைக் கல்லூரியில் படித்தபோது பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். என் நிறத்தைப் பற்றிச் சொந்தத்தில் ஒருவர் விடாமல் பேசிய வயது அது. இந்தப் பாட்டு என்னைப் பற்றியது என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

வெளியே கொஞ்சம் மாறித்தான் வருகிறது. கருமையும் அழகுதான் என்ற பிரசாரத்தை 2009-இல் தொடங்கியது சென்னையில் இயங்கும் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு. கருத்த தோல் உள்ளவர்களை அழகற்றவர்களாக, வருத்தத்தில் இருப்பவர்களாக விளம்பரத்தில் காட்டக் கூடாது என்று 2014-இல் விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் விதி கொண்டுவந்தது. 1975 முதல் விற்ற ஃபேர் அண்ட் லவ்லி, 2020-இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. அதே வருடம் ஷாதி.காம் தளம் தோல் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை நீக்கியது. ஆனால் எங்கள் ஊர்க் கடையில் இன்றைக்கும் அந்த கிரீமைப் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். டியூபில் பெயர் மாறி இத்தனை வருடம் கழித்தும் 11 நோட்டுகளில் அந்தப் பொருள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆங்கிலம் நடத்தும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்கும்போது நிறத்தில் தொடங்காதீர்கள். ரேஷன் கடையில் தொடங்குங்கள், கபடியில் தொடங்குங்கள், கரும்பு விலையில் தொடங்குங்கள். நிறம் கடைசியில், அதுவும் ஒரு பழைய பொருளாக வரட்டும். நோட்டில் ஒரு பொருளை மட்டும் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய விடாதீர்கள். ஒரு சொல்லுக்கு நான்கு வாக்கியம் எழுதச் சொன்னால் அரை மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். எங்கள் வகுப்பில் அந்த மாணவி அடுத்த நாள் எழுதிக்கொண்டு வந்த வாக்கியத்தின் பொருள் இது: 'தம்பிக்கு முட்டை, எனக்கு வெறும் சோறு, இது ஃபேர் இல்லை.' அதற்கு முழு மதிப்பெண் போட்டேன். கீழே வேறு எதுவும் எழுத எனக்குக் கை வரவில்லை.

அண்ணன் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணி வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயோடேட்டாவில் நான்காவது வரி, காம்ப்ளெக்ஷன்: ஃபேர். என்னை மாதிரிதான் அவளும், நல்ல மாநிறம். போன் செய்து அந்த வரி வேண்டாமே என்றேன். "எல்லாரும் போடறாங்களே. போடலைன்னா கருப்புன்னு நினைச்சுக்குவாங்க" என்றார் அண்ணி. "நினைக்கட்டும் அண்ணி" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் போனை வாங்கிவிட்டாள். "அத்தை, அந்த வரியையே எடுத்துடலாம். எம்.எஸ்சி. முடிச்சதை அந்த இடத்துல போடச் சொல்லுங்க." நேற்று ராத்திரி புதுத் தாள் வந்தது. உயரம், நட்சத்திரம், வேலை எல்லாம் இருக்கிறது. நான்காவது வரியில் படிப்பு.