உள்ளே தங்கினால் நேரம் மிச்சமா?
டிஸ்னி மாதிரி கேளிக்கைப் பூங்காவுக்குப் போகும்போது பூங்கா வளாகத்துக்குள்ளேயே அறை எடுத்தால் நேரம் மிச்சம் என்று இந்தக் கட்டுரை பொத்தாம்பொதுவாகச் சொல்வது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கலிபோர்னியாவின் அனாஹைமில், ஹார்பர் பூலவார்டில் உள்ள சில வெளி விடுதிகளிலிருந்து சாலையைக் கடந்து கொஞ்சம் நடந்தால் டிஸ்னிலேண்ட் வாசல். டிஸ்னியின் சொந்த டிஸ்னிலேண்ட் ஹோட்டலிலிருந்துதான் நடை அதிகம். புளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டோ 100 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த இடம். அங்கே ‘உள்ளே’ தங்கினாலும் பல விடுதிகளிலிருந்து பேருந்துதான். ராத்திரி வாணவேடிக்கை முடிந்ததும் அந்தப் பேருந்துக்கு நிற்கும் கூட்டம் இருக்கிறதே, தோளில் தூங்கும் பிள்ளையோடு நின்றவர்களுக்குத்தான் தெரியும். வளாகத்தில் தங்குபவர்களை அரை மணி நேரம் முன்னதாகப் பூங்காவுக்குள் விடுவார்கள், உண்மைதான். ஆனால் விடியற்காலையில் கிளம்பும் குடும்பத்துக்குத்தான் அதனால் பயன், எங்கள் வீட்டில் அது நடக்காத காரியம். மேலே கருத்து எழுதிய ஒருவர் கார் இருந்தால் வெளியே தங்குவதுதான் லாபம் என்கிறார். சரி, பூங்காவில் தினமும் கட்டும் பார்க்கிங் கட்டணத்தையும் அறை வாடகையோடு கூட்டிப் பார்த்தாரா? டிஸ்னி வேர்ல்டில் உள்ளே தங்குபவர்களுக்கு அது இலவசம். அப்புறம், அதே புளோரிடாவில் இருக்கும் இன்னொரு கேளிக்கைப் பூங்கா வளாகமான யுனிவர்சல் ஓர்லாண்டோவின் கணக்கே வேறு: அங்கே சில உயர்வகை விடுதிகளின் வாடகையிலேயே அங்குள்ள பழைய இரண்டு பூங்காக்களுக்கான எக்ஸ்பிரஸ் பாஸும் (நீண்ட பொது வரிசையைத் தவிர்க்க உதவும் சீட்டு) அடக்கம். கூட்டம் அதிகமான விடுமுறை நாளில் அந்தப் பாஸைத் தனியாக வாங்கும் விலையைப் பார்த்தால், நாலு பேர் போகும் குடும்பத்துக்கு உள்ளே தங்குவதே சில சமயம் மலிவு.