ஐ.க்யூ. 140 என்றால் 70-ஐப் போல இரண்டு மடங்கு அறிவு இல்லை
ஐ.க்யூ. (அறிவுத்திறன் சோதனையில் கிடைக்கும் மதிப்பெண்) 140 உள்ள பிள்ளைக்கு 70 உள்ள பிள்ளையைவிட இரண்டு மடங்கு அறிவு என்று சிலர் சொல்வதுண்டு, அது தவறு. எடை, உயரம் மாதிரி பூஜ்யத்திலிருந்து தொடங்கும் அளவு இல்லை இது. ஒரே வயதுக்காரர்கள் நடுவில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதை மட்டும்தான் சொல்லும். அமெரிக்க உளவியலாளர் வெக்ஸ்லர் 1939-இல் கொண்டுவந்த முறைப்படி சராசரியை 100 என்றும் திட்ட விலக்கத்தை (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்பதன் அளவு) 15 என்றும் வைத்துக்கொள்கிறார்கள், அதனால் 130 எடுத்தால், அதாவது சராசரியைவிட இரண்டு திட்ட விலக்கம் மேலே இருந்தால், நூற்றில் ஏறக்குறைய 98 பேருக்கு மேலே இருக்கிறார் என்று அர்த்தமே தவிர, 30 சதவீதம் கூடுதல் அறிவு என்று அர்த்தமில்லை. அப்புறம், எந்தச் சோதனையிலும் அளவீட்டுப் பிழை உண்டு. 104 வாங்கிய பிள்ளையையும் 101 வாங்கிய பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்தி யார் கெட்டிக்காரர் என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம், இன்னொரு நாள் எழுதினால் இருவரும் இடம் மாறிவிடலாம்.