ஃபிளஷ் தொட்டிக்குள் இருப்பதெல்லாம் ஓனர் பொறுப்பு

கோலாலம்பூரில் வீடு வாடகைக்கு விடும்போது, யோசிக்காமலே ஒப்பந்தத்தில் ஒரு வரி ஏறிவிடுகிறது: “சிறு பழுதுகள் வாடகைக்காரர் செலவு.” 150, 200 வெள்ளி (ரிங்கிட்) என்று வரம்பு வைப்பவர்களும் உண்டு. பல்பு மாற்ற இது சரி. கழிவறைக்கு இது சரிவராது என்று உறுதியாகச் சொல்வேன். பத்து வெள்ளி ரப்பருக்கு யார் காசு கொடுப்பது என்ற இழுபறியில் மாதக்கணக்காகத் தண்ணீர் ஓடுகிறது. கசிவு தரைக்குள் இறங்கினால் கீழ்வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஓனர்தான்.

முதலில் தொட்டி. மூடியைத் தூக்கிப் பாருங்கள். நடுவில் நிற்கும் குழாயின் வாயைத் தாண்டித் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தால் கோளாறு தொட்டிக்குள் தண்ணீர் விடும் இன்லெட் வால்வில். தண்ணீர் அந்த வாய்க்கு ஒரு அங்குலம் கீழே நிற்க வேண்டும். மிதவையைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். அப்படியும் நிற்கவில்லையா? உள்ளே மண் சிக்கியிருக்கும். தண்ணீர்த் தடை முடிந்து சப்ளை திரும்பும்போது வரும் கலங்கல் நீர்தான் நம் ஊரில் இதற்கு முக்கியக் காரணம். தொட்டிக்குத் தண்ணீர் தரும் சுவரோரக் குழாயை அடைத்துவிட்டு, வால்வின் மேல்மூடியைத் திருகிக் கழற்றி, அதன்மேல் ஒரு கப்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அந்தக் குழாயைச் சில விநாடி திறந்தால் மண் வெளியே வந்துவிடும். அதற்கும் சரியாகவில்லை என்றால் வால்வையே மாற்ற வேண்டியதுதான்.

வழியவில்லை, ஆனாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக நிரம்பும் சத்தம் கேட்கிறது என்றால் தொட்டியின் அடித்துளையை மூடும் ரப்பரைச் சந்தேகப்படுங்கள். கேக்குக்குப் போடும் கலரைத் தொட்டியில் சில சொட்டு விட்டு அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் இருங்கள். கீழே உட்காரும் பீங்கானில் கலர் இறங்கினால் ரப்பர் போய்விட்டது. இரட்டைப் பட்டன் வகையில் நடுக்கோபுரத்தைக் கால் சுற்று இடப்பக்கம் திருப்பினால் கையோடு வந்துவிடும். அதன் அடியில் இருக்கும் வளையம்தான் தேய்வது. பழைய வளையத்தைக் கையோடு ஹார்ட்வேர் கடைக்கு எடுத்துப் போங்கள். இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கைப்பிடி வகை என்றால் சங்கிலி அரை அங்குலம் தொய்வாக இருக்கட்டும். இறுக்கமாக இருந்தால் ரப்பர் சரியாக உட்காராது.

கவனம்: சுவரோரக் குழாய் பல வருடம் திருப்பாமல் இறுகிப்போயிருந்தால் பிளையரால் முறுக்காதீர்கள். உடைந்தால் வீடே வெள்ளம். மெயினை அடைத்துவிட்டுத் தொடங்குங்கள். தொட்டிக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் நட்டைக் கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று போதும். அதிகம் முறுக்கினால் பீங்கான் வெடிக்கும்.

அடைப்பு வேறு கதை. பேட், ஈர டிஷ்யூ சிக்கியிருந்தால் அது புழங்கியவர் செலவு. ஃபிளஷ் செய்யும்போது குளியலறைத் தரைத் துளையிலும் தண்ணீர் பொங்கினால் அடைப்பு கழிவறையைத் தாண்டி இருக்கிறது. அடுக்குமாடியில் அது எல்லா வீட்டுக்கும் பொதுவான பைப்பாக இருந்தால் மெனேஜ்மென்ட் பார்க்க வேண்டிய வேலை.

நான் அதிகம் கவலைப்படுவது ஆடும் பீங்கானைப் பற்றி. உட்கார்ந்து எழும்போது லேசாக ஆடினாலே அடியிலுள்ள சிமெண்ட் விட்டுப்போய், கழிவுத் துளையோடு சேரும் இடமும் பிரிந்திருக்கலாம். அதைச் சுற்றி சிலிக்கன் பூசிவிட்டுப் போவது மகா தவறு. வெளியே வர வேண்டிய நீரை அது உள்ளேயே அடைத்துக் கீழ்வீட்டுக் கூரைக்கு அனுப்பும். கழற்றி, கழிவுத் துளையோடு சேரும் இடத்தில் புது வளையம் வைத்துத்தான் திரும்ப உட்கார வைக்க வேண்டும். புதுப் பீங்கானே வாங்குவதானால், ஓடு பதித்த சுவரிலிருந்து கழிவுத் துளையின் நடுப்புள்ளி வரை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். 6, 8, 10, 12 அங்குலம் என்று வரும். அளவு தவறினால் தொட்டி சுவரில் இடிக்கும், அல்லது பின்னால் பெரிய இடைவெளி விழும்.

கீழ்வீட்டுக் கூரையில் ஈரக்கறை தெரிந்தால் 2015 ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) பராமரிப்பு விதிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன: புகார் கிடைத்த 7 நாளுக்குள் மெனேஜ்மென்ட் வந்து பார்க்க வேண்டும், பார்த்து முடித்த 5 நாளுக்குள் படிவம் 28 என்ற சான்றிதழ் தர வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படாதவரை கோளாறு மேல்வீட்டில் என்றே கொள்ளப்படும். அந்தப் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. வீடு புதிதாக இருந்தால், சாவி வாங்கியதிலிருந்து 24 மாதத்துக்குள் டெவலப்பருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். 30 நாளுக்குள் சரிசெய்து தர வேண்டியது அவர்கள் கடமை.

அதனால் ஒப்பந்தத்தில் இப்படி எழுதச் சொல்கிறேன்: “தொட்டி உள்பாகங்கள், சுவரோரக் குழாய், தரைக்கு அடியிலான கசிவு ஓனர் செலவு. பொருள் போட்டு ஏற்பட்ட அடைப்பு, உடைந்த மூடி, சீட் வாடகைக்காரர் செலவு. கசிவு கண்டால் 3 நாளுக்குள் வாட்சப்பில் வீடியோவோடு தெரிவிக்க வேண்டும்.” தெரிவிக்காமல் விட்டு வந்த சேதத்தில் வாடகைக்காரருக்கும் பங்கு உண்டு என்று சேர்ப்பதும் நியாயமே. சாவி கைமாறும் அன்று எல்லாக் குழாயையும் மூடி, தண்ணீர் மீட்டரை அரை மணி நேர இடைவெளியில் இரண்டு முறை படமெடுத்து, இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.